நிரம்பாத மண்டபமும் ஒரு நேர்க்கோடும்

சென்ற ஆண்டு நம் கழகத்தின் நாடக விழா இரவு. மேடைக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, திரைச்சீலையைச் சற்றே விலக்கி மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். மொத்தம் 500 நாற்காலிகள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினர்கள். அவர்களுக்குப் பின்னால் நடிகர்களின் பெற்றோர். அங்கொருவரும் இங்கொருவருமாக முன்னாள் மாணவர்கள். அதற்கப்பால் கதவு வரைக்கும் வெறும் நாற்காலிகள்தாம். நான்கு மாதம் தூக்கத்தைத் தொலைத்து ஒத்திகை பார்த்த நம் தோழர்கள், அந்த நாற்காலிகளைப் பார்த்துத்தான் வசனம் பேசினார்கள். அன்று விற்றிருந்த நுழைவுச்சீட்டுகள் 208.

மழை என்றார்கள் சிலர். தேர்வு நெருங்கிவிட்டது என்றார்கள் சிலர். "நம்ம பசங்களுக்குத் தமிழ் நாடகம்னாலே இளக்காரம்" என்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஆனால், அந்த இரவின் காலி இருக்கைகள் இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு செயலவைக் கூட்டத்தில் கைதூக்கி நிறைவேற்றப்பட்டவை என்பதே என் கருத்து. அன்று உயர்ந்த கைகளில் என் கையும் ஒன்று.

இருபது வெள்ளிக் கணக்கு

அந்தக் கூட்டத்தின் நிலவரம் இதுதான். மண்டப வாடகை, ஒலி, ஒளி, உடை, ஒப்பனை எல்லாம் சேர்த்து நாடகத்துக்கு 5,000 ரிங்கிட் செலவு. அதற்கு முந்திய ஆண்டு சீட்டு விலை 12 ரிங்கிட். 360 பேர் வந்தார்கள். வசூல் 4,320 ரிங்கிட். செலவு அப்போதும் அதே அளவுதான் என்பதால், 680 ரிங்கிட் கையைக் கடித்தது. இம்முறை அப்படி நடக்கக்கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே எண்ணம்.

பொருளாளர் அக்கா கைப்பேசியில் கணக்குப் போட்டார். "பேசாம இருபது வெள்ளி வெச்சிடுவோம். போன வருஷம் வந்த 360 பேரு வந்தாலே 7,200 வெள்ளி ஆச்சு. செலவு போக 2,200 மிச்சம்." கேட்க இனித்தது. "சினிமாவுக்கு இருபது வெள்ளி குடுக்கறவங்க நம்ம நாடகத்துக்குக் குடுக்க மாட்டாங்களா?" என்றார் மற்றொருவர். அந்தக் கேள்விக்கு மறுப்புச் சொன்னால் தமிழ்ப்பற்று இல்லாதவன் என்றாகிவிடும். தீர்மானம் நிறைவேறியது.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் பொருளியல் மாணவன். அதற்கு முந்திய பருவத் தேர்வில், ஒரு தேவைச் சமன்பாட்டைக் கொடுத்து, எந்த விலையில் வருவாய் உச்சமடையும் என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார்கள். சரியாகச் செய்து முழுப் புள்ளிகளும் வாங்கினேன். அதே கேள்வி கழக அறையில், ஏடு எழுதுகோல் இல்லாமல், ஒரு தட்டு வறுத்த மீஹூனுக்கு நடுவில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தேர்வுத்தாளில் வரும் 'ஒரு நிறுவனம்' வேறு, நம் கழகம் வேறு என்று மனம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. அன்று போட்டிருக்க வேண்டிய கணக்கை, காலம் கடந்து இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

கோட்டை வரைந்து பார்ப்போம்

விலை ஏறினால் வாங்குபவர் குறைவர். இதைத் தெரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் வர வேண்டியதில்லை. பாசார் மாலாமில் அப்பம் பாலேக் விற்பவருக்கும் தெரியும். எவ்வளவு ஏறினால் எத்தனை பேர் குறைவர் என்பதுதான் கேள்வி. அதற்கான விடை நம்மிடமே இருந்தது. கழக அறை அலமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று உண்டு. விற்ற சீட்டுகளின் அடிக்கட்டைகள் ஆண்டுவாரியாக ரப்பர் வளையம் போட்டு அதில் கிடக்கின்றன. நாடகம் முடிந்த வாரம்தான் நான் அதைத் திறந்து எண்ணினேன்.

நான் முதலாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது சீட்டு 8 ரிங்கிட், 440 பேர். மறு ஆண்டு 12 ரிங்கிட், 360 பேர். விலை 4 ரிங்கிட் ஏறியதும் 80 பேர் குறைந்துவிட்டார்கள். அதாவது, ஒரு ரிங்கிட் ஏற்றத்துக்கு 20 பேர். இந்தப் போக்கு ஒரே சீராகத் தொடர்கிறது என்று வைத்துக்கொண்டால், அதுதான் நேர்க்கோட்டுத் தேவை. 8 ரிங்கிட்டிலிருந்து இலவசம் வரைக்கும் விலையை இறக்கினால் இன்னும் 160 பேர் கூடுவர், மொத்தம் 600. விலையை 'வி' என்றும், வருவோர் எண்ணிக்கையை 'எ' என்றும் வைத்தால்:

எ = 600 − 20வி

இனி 'வி' இருக்குமிடத்தில் 20 போடுங்கள். 600-இல் 400 போக 200 பேர். வசூல் 4,000 ரிங்கிட். அதாவது, விலையைக் கூட்டியும் முந்திய ஆண்டைவிட 320 ரிங்கிட் குறைவு. உண்மையில் வந்தவர்கள் 208, வசூல் 4,160. ஓர் உறையின் முதுகில் இரண்டு வரி எழுதியிருந்தால், காலி மண்டபத்தை இரண்டு மாதம் முன்பே பார்த்திருக்கலாம்.

பொருளாளர் அக்காவின் பெருக்கலில் பிழையில்லை. 360 என்பதை அசையாத எண்ணாக வைத்ததில்தான் பிழை. 12 ரிங்கிட்டுக்கு வந்த கூட்டத்தை, 20 ரிங்கிட்டாலே பெருக்கினோம். நம் சமூக நிகழ்ச்சிகள் பலவற்றில் இந்தக் கணக்கைத்தான் போடுகிறோம். செலவை எழுதுகிறோம், எதிர்பார்க்கும் கூட்டத்தால் வகுக்கிறோம், வந்த எண்ணைச் சீட்டில் அச்சடிக்கிறோம். வாங்குபவர் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

உச்சி எங்கே?

வருவாய் என்பது விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கி வருவது. அதை 'வ' என்போம்.

வ = வி × (600 − 20வி) = 600வி − 20வி²

படிவம் நான்கில் கூடுதல் கணிதம் படித்தவர்களுக்கு இது பழைய நண்பன். கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற வளைவு. எஸ்.பி.எம். தேர்வுக்கு எத்தனை முறை அதன் உச்சியைத் தேடியிருப்போம்! முழு வர்க்கமாக மாற்றி எழுதினால்:

வ = 4500 − 20(வி − 15)²

வர்க்கம் ஒருபோதும் எதிர்மமாகாது. ஆகவே 4,500-இலிருந்து ஏதோ ஒன்று எப்போதும் கழிந்துகொண்டே இருக்கும். விலை 15 ஆகும்போது மட்டும் கழிவு இல்லை. வகையிடல் தெரிந்தவர்கள் 600 − 40வி = 0 என்று எழுதி அதே 15-க்கு வந்து சேரலாம்.

இந்த ஒரு வரிச் சமன்பாடு மூன்று செய்திகளைச் சொல்கிறது.

ஒன்று: எந்த விலை வைத்தாலும், எல்லாருக்கும் ஒரே விலை என்றால், 4,500 ரிங்கிட்டுக்கு மேல் வராது. நமக்குத் தேவை 5,000. எந்த எண்ணை அச்சடிப்பது என்று நாம் இரண்டு மணி நேரம் விவாதித்தோமே, அந்த விவாதத்துக்கு விடையே கிடையாது.

இரண்டு: உச்சிக்கு இருபுறமும் வளைவு ஒரே மாதிரி இறங்குகிறது. 20 ரிங்கிட்டில் கிடைக்கும் அதே 4,000 ரிங்கிட், 10 ரிங்கிட்டிலும் கிடைக்கும். முன்னதில் 200 பேர் உட்கார்ந்திருப்பார்கள். பின்னதில் 400 பேர். பணப்பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். மேடையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றா?

மூன்று: உச்சிக்கு அருகில் வளைவு தட்டையானது. 12 ரிங்கிட்டில் 4,320. 15 ரிங்கிட்டில் 4,500. கூடுதல் வரவு 180 ரிங்கிட். அதற்காக வெளியே நிற்பவர்கள் 60 பேர். வகுத்துப் பாருங்கள். ஓர் ஆளை மண்டபத்துக்கு வெளியே நிறுத்த நமக்குக் கிடைப்பது 3 ரிங்கிட்.

பாதி மண்டபம்

15 ரிங்கிட்டில் வருவோர் 300 பேர். இலவசமாக விட்டால் வரக்கூடிய 600-இல் சரிபாதி. இது தற்செயல் அல்ல. தேவை நேர்க்கோடாக இருந்தால், வருவாயின் உச்சி எப்போதும் கோட்டின் நடுப்புள்ளியில்தான் அமையும். எண்களை எப்படி மாற்றினாலும் இது மாறாது. வருவாயை உச்சமாக்கும் விலை என்பது, வர விரும்பியவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பும் விலை. தேர்வில் இந்தக் கணக்கைப் பலமுறை செய்திருக்கிறேன். அந்தப் பாதிப் பேரைப் பற்றி ஒருமுறைகூட நினைத்ததில்லை.

இந்தக் கணக்கை முதலில் முறையாக எழுதியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ. 1838-இல் வெளிவந்த தம் நூலில், விற்பனை அளவை விலையைச் சார்ந்த ஒரு சார்பாக எழுதி, வருவாயின் உச்சத்தைக் கண்டார். அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு கனிமநீர் ஊற்றின் சொந்தக்காரர். தண்ணீர் தானே ஊறுகிறது; எடுக்கச் செலவில்லை. ஆகவே வருவாய் உச்சமானால் இலாபமும் உச்சம். நாடகமும் அப்படித்தான். மண்டபத்துக்குப் பணம் கட்டிய பிறகு, கூடுதலாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் நமக்கு ஒரு சென்கூடச் செலவில்லை. (தீபாவளிச் சந்தையில் முறுக்கு விற்கும்போது இது பொருந்தாது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாவும் எண்ணெயும் செலவாவதால், இலாபம் உச்சமாகும் விலை வருவாய் உச்சமாகும் விலையைவிட உயர்ந்திருக்கும்.)

ஆறு ஆண்டுகள் கழித்து, 1844-இல், அதே பிரான்சில் துப்புயி என்ற பொறியாளர் மறுபக்கத்தைப் பார்த்தார். அவர் சாலைகளும் பாலங்களும் கட்டும் துறையைச் சேர்ந்தவர். பாலம் கட்டி முடிந்துவிட்டது. கூடுதலாக ஒருவர் நடந்தால் பாலம் தேய்ந்துவிடப் போவதில்லை. ஆனாலும் சுங்கம் அதிகம் என்பதால் சிலர் கடக்காமல் திரும்பிப் போகிறார்கள். அவர்கள் இழந்த பயன் யாருக்கும் போய்ச் சேரவில்லை. சுங்கம் வசூலிப்பவருக்கும் இல்லை. அது வீணாகப் போனது. நமக்கும் பாலங்கள் தெரியும். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான டோல் 2019 ஜனவரி முதல் நாள் தொட்டு நீக்கப்பட்டது. அந்தப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போய் வருபவரைக் கேட்டால், துப்புயி சொன்னது என்னவென்று அவரே விளக்குவார்.

கனிமநீர் விற்பவர் உச்சியில் நின்றுகொள்ளட்டும். அவர் தொழில் அது. நாம் எதற்காக நாடகம் போடுகிறோம்? நம் மாணவர்கள் பார்ப்பதற்காக. என் விடுதியில் இருக்கும் முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இருபது வெள்ளிண்ணே. எனக்கு அது மூணு நாள் மத்தியானச் சாப்பாடு." பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர் அவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் நாடகத்தில் நடித்தவராம்.

ஒரு கோடல்ல, இரண்டு கோடுகள்

அடிக்கட்டைகளை எண்ணும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இருக்கை ஒதுக்க வசதியாக, மாணவர்களுக்கு மஞ்சள் சீட்டும், பெற்றோர், முன்னாள் மாணவர், பொதுமக்கள் ஆகிய வெளியாருக்கு நீலச் சீட்டும் கொடுப்பது நம் வழக்கம். விலை ஒன்றுதான். நிறவாரியாகப் பிரித்தேன்.

8 ரிங்கிட்டில் மாணவர்கள் 180, வெளியார் 260. 12 ரிங்கிட்டில் மாணவர்கள் 120, வெளியார் 240. ஒரு ரிங்கிட் ஏறினால் மாணவர்களில் 15 பேர் குறைகிறார்கள். வெளியாரில் 5 பேர்தான். சமன்பாடுகள் இப்படி அமைகின்றன:

மாணவர்: எ = 300 − 15வி
வெளியார்: எ = 300 − 5வி

இரண்டையும் கூட்டினால் நம் பழைய கோடு கிடைத்துவிடும். மாணவர் கோடு எங்கே பூஜ்யத்தைத் தொடுகிறது என்று பாருங்கள். சரியாக 20 ரிங்கிட்டில். நாம் கைதூக்கித் தேர்ந்தெடுத்த விலை, மாணவர் ஒருவர்கூட வராத விலை! அன்று வந்த 208 பேரில் மஞ்சள் சீட்டு 11 மட்டுமே. அந்தப் 11 பேரும் நடிகர்களின் அறைத்தோழர்கள். கோடு பூஜ்யம் என்றது; நட்பு 11 பேரை அழைத்து வந்தது. வெளியார் 197. கோடு சொன்னது 200.

மாணவர் கழகம் நடத்திய நாடகத்தை மாணவர்கள் பார்க்கவில்லை. அந்த இரவின் உண்மையான இழப்பு அதுதான்; பற்றாக்குறை 840 ரிங்கிட் அதற்கு அடுத்தது.

என் பரிந்துரை எளிது. மாணவர்களுக்கு 5 ரிங்கிட், வெளியாருக்கு 20 ரிங்கிட். கோட்டின்படி மாணவர்கள் 225 பேர் வருவர், 1,125 ரிங்கிட். வெளியார் 200 பேர், 4,000 ரிங்கிட். மொத்தம் 425 பேர், 5,125 ரிங்கிட். செலவு அடைந்துவிடும். மண்டபமும் ஏறக்குறைய நிரம்பிவிடும். எந்த ஒற்றை விலையாலும் எட்ட முடியாத தொகை இது.

கணக்கை இன்னும் இறுக்கலாமே என்று பொருளியல் நண்பர்கள் கேட்பார்கள். மாணவர் கோட்டின் உச்சி 10 ரிங்கிட்டில் இருக்கிறது. 150 பேர், 1,500 ரிங்கிட். நான் 5 ரிங்கிட் என்பதால் 375 ரிங்கிட் குறைகிறது. பதிலுக்கு 75 மாணவர்கள் கூடுதலாக வருகிறார்கள். ஒருவருக்கு 5 ரிங்கிட் விட்டுக்கொடுக்கிறோம். செலவு அடைந்துவிட்ட பிறகு இந்த விட்டுக்கொடுத்தலை நான் மகிழ்ச்சியோடு செய்வேன். வெளியார் கோட்டின் உச்சியோ 30 ரிங்கிட்டில் இருக்கிறது. ஆனால் 20-க்கு மேல் நாம் என்றுமே விற்றதில்லை. தெரிந்த இடம் வரைக்கும்தான் கோட்டை நம்பலாம். அதற்கு மேல் நீட்டினால் மறுபடியும் பொருளாளர் அக்காவின் கைப்பேசிக் கணக்காகிவிடும்.

எழக்கூடிய மறுப்புகள்

"மூன்று ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசலாமா?" நியாயமான கேள்வி. நாடகம் மாறுகிறது, நடிகர் மாறுகிறார், மழையும் தேர்வும் குறுக்கிடுகின்றன. இந்தக் கோடு வேதவாக்கு அல்ல. ஆனால் மூன்று புள்ளிகளை வைத்துப் போடும் கணக்கு, ஒரு புள்ளியும் பார்க்காமல் போடும் கணக்கைவிட மேல். இனி ஒவ்வோர் ஆண்டும் விலை, இருவகைச் சீட்டு எண்ணிக்கை, நாள், தேர்வு வாரமா இல்லையா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைப்போம். அடுத்த தலைமுறை நம்மைவிடத் தெளிவாக முடிவெடுக்கும்.

"இரண்டு விலை பாகுபாடு அல்லவா?" திரையரங்கில் மாணவர் விலை இருக்கிறது, யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வாயிலில் மாணவர் அட்டையைப் பார்த்து மஞ்சள் சீட்டை அனுமதித்தால் முறைகேடும் நடக்காது.

"அப்படியானால் மாணவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிடலாமே?" இலவசச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராமல் இருப்பவர்களை எல்லா நிகழ்ச்சிகளிலும் பார்த்திருக்கிறோம். ஐந்து ரிங்கிட் கொடுத்தவர் வந்துவிடுவார்.

"உண்மையான தமிழுணர்வு இருந்தால் இருபது என்ன, ஐம்பது கொடுத்தும் வருவார்கள்." இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிற வாதம். பொருளியலில் தேவை என்பது வெறும் ஆசை அல்ல. கையில் காசோடு வரும் ஆசை. மூன்று நாள் மதிய உணவைக் கணக்கிட்டு வராமல் போன அந்தத் தம்பியிடம் உணர்வு குறைவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. விலையை நாம் தவறாக வைத்துவிட்டு, வராதவர்மேல் பழி போடுவது எளிது. காலி நாற்காலிகளைப் பார்த்து "தமிழன் மாறிவிட்டான்" என்று மேடையில் புலம்புவது அதைவிட எளிது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 260, 240, 197. விலை இரண்டரை மடங்கு ஏறியும் நீங்களும் பெற்றோரும் பெரிதாகக் குறையவில்லை. நீங்கள் கொடுக்கும் 20 ரிங்கிட்டில்தான் ஒரு தம்பியோ தங்கையோ 5 ரிங்கிட்டுக்கு உள்ளே வர முடியும். இதை உங்களிடம் மறைக்காமல் சொல்லியே கேட்போம்.

அடுத்த செயலவையினருக்கு என் வேண்டுகோள் இரண்டு. விலையைப் பேசத் தொடங்கும் முன், எதைப் பெருக்க விரும்புகிறோம் என்பதை முதலில் பேசி முடியுங்கள். பணத்தையா, பார்வையாளரையா, அல்லது செலவு அடையும் அளவுக்குப் பணமும் அதற்கு மேல் பார்வையாளருமா? சமன்பாடு எந்தக் கேள்விக்கும் விடை சொல்லும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று அது சொல்லாது. இரண்டாவது, அந்தப் பிஸ்கட் டின் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சென்ற ஆண்டு அடிக்கட்டைகளையும் எண்ணிக் கட்டி உள்ளே வைத்துவிட்டேன். கூட்டத்தைத் தொடங்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.